பெரும்பான்மை ஆக்கப்படும் விதம்: பிரித்தானியாவும் பிரான்சும்

பிரித்தானியாவிற் பாராளுமன்றமும் பிரான்சிற் சனாதிபதியும் முதன்மை பெறுவதாகப் பாடநூல்கள் வேறுபடுத்தும். இவ்வேறுபாடு பொய்யன்று, ஆயினும் போதாது. பெரும்பான்மை எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதே வினா. 2024இல் தொழிற்கட்சி ஏறத்தாழ 34 சதவீத வாக்குகளால் 650 ஆசனங்களில் 411ஐப் பெற்றது. தொகுதிவாரித் தேர்தல்முறை சிறுபான்மையைப் பெரும்பான்மையாக்கியது.

பிரான்சில் 2023இல் அதுவும் வேண்டியிருக்கவில்லை. ஓய்வூதிய வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் சட்டமூலம், தொழிற்சங்கங்கள் ஒருமித்து வீதிக்கிறங்கிய வேளையில், அரசியலமைப்பின் 49ஆம் உறுப்புரை 3ஆம் பந்தியின் துணையுடன், தேசிய சபையின் இறுதி வாக்கெடுப்பின்றியே நிறைவேறியது. நம்பிக்கையில்லாப் பிரேரணை 9 வாக்குகளால் தோற்றது. அப்பந்தி தற்செயலானதன்று: அல்சீரிய விடுதலைப் போர் விளைத்த நெருக்கடியில், 1958இல், நிறைவேற்றதிகாரத்தைச் சபையின் பிடியினின்று விடுவிக்க வரையப்பட்டது. பிரித்தானியாவில் இத்தகைய பந்தி இல்லாமைக்குச் சனநாயக முதிர்ச்சியைக் காரணமாகக் கூறுவோர் உளர். அங்கே கட்சிக் கட்டுப்பாடு பெரும்பாலும் அதே வேலையைச் செய்துவிடுகிறது.