தொண்டைமானுக்குப் புரிந்ததா?

பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு நாம மனப்பாடம் செஞ்ச விளக்கம் ரொம்ப எளிது: புகழ்வதுபோல இகழ்வது, இல்லேன்னா இகழ்வதுபோலப் புகழ்வது. சொன்னதைத் தலைகீழாக்கினால் அர்த்தம் கிடைத்துவிடும், புரோகிராமில் ஒரு 'நாட்' போடுற மாதிரி.

புறநானூற்றின் 95ஆம் பாட்டில் இந்த வாய்ப்பாடு வேலைக்கு ஆகாது. தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எதைத் தலைகீழாக்குவது?

டான் ஸ்பெர்பரும் டெயர்ட்ரி வில்சனும் 1981இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவுகிறது. முரண்நகையாகப் பேசுபவர் இன்னொருவரின் நினைப்பை எதிரொலிக்கிறார். கூடவே தான் அதை ஏற்கவில்லை என்பதையும் உணர்த்துகிறார். பளபளப்பே பலம் என்ற தொண்டைமானின் நினைப்பைத்தான் ஔவை எதிரொலிக்கிறார்.

ஆனா ஒரு சிக்கல். பாட்டுக்குள்ளே தொண்டைமான் பெயரே இல்லை, அதியமான் பெயரும் இல்லை. தூது, ஆயுதசாலை எல்லாம் கீழே உள்ள பழைய குறிப்பில்தான். அதை மறைத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். பாட்டு அப்படியே கம்பீரமா நிக்குது, ஆனா கேலி மங்கிடுது. தன் தலைவனைப் பாராட்டும் ஒருவரின் குரல் மட்டும் கேட்கிறது. எதிரொலிக்க இன்னொரு குரல் வேண்டுமே. என்னைக் கேட்டால், நாம் ரசிக்கும் கேலியில் பாதி, பெயர் தெரியாத அந்தக் குறிப்பாசிரியருடையது.

தொண்டைமானுக்கு அது உறைத்ததா என்று அவரும் எழுதி வைக்கவில்லை.