சக்கரம் வைத்த கோழிக்கூடு

கோழிக்கூடு ஓரிடத்திலேயே நிற்கக் கூடாது என்பது நல்ல யோசனை. பத்துக் கோழிகள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எச்சம் போடும். அது ஒரே இடத்தில் விழுந்து ஈரமும் சேர்ந்தால், கூட்டுக்குள் தலையை நீட்டினாலே நமக்குக் கண் எரியும். இரவெல்லாம் அந்தக் காற்றைத்தான் கோழி மூச்சு வாங்குகிறது. இரத்தக்கழிச்சலும் இந்த ஈரத்தில்தான் வளர்கிறது. எச்சத்தோடு விழும் அதன் நுண்கிருமி உடனே தொற்றாது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றித் தொற்றும் பக்குவத்துக்கு வரும். அதற்குள் கூட்டை நகர்த்திவிட்டால் கோழி கிளறுவது புது மண்ணை. மருந்துச் செலவில்லாத தடுப்பு இது.

இந்த முறையை உலகம் அறியச் செய்தவர்களில் ஒருவர் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து உழவர் ஜோயல் சலாட்டின். அவருடையது 10 அடிக்கு 12 அடி, உயரம் 2 அடி. அடிப்பக்கம் தரையில்லாத கூண்டு. அதைத் தினமும் ஒருமுறை புதுப்புல்லுக்கு இழுத்து வைப்பார்கள். கோழி புல்லையும் பூச்சியையும் தின்னும், நிலம் எருவை வாங்கிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் நானும் சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்புக்கு ஒரு கூண்டு செய்யச் சொன்னேன். இரண்டு வருடம் அதோடு பழகிய பிறகு சொல்கிறேன்: யோசனையில் குறையில்லை, ஒரே கூண்டிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பதில்தான் குறை.

முதல் சிக்கல் எடை. 6 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரமுள்ள பெட்டிக்கு வெளிச்சட்டம் மட்டும் 56 அடி இரும்பு வேண்டும். ஒரு அங்குல ஆங்கிளில் அதுவே 19 கிலோ. வலை, கதவு, தகரம், சக்கரம் எல்லாம் சேர்ந்தால் 40 கிலோவைத் தாண்டிவிடும். புறக்கடைக் கோழியைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்கள், அதிலும் வயதானவர்கள். முழங்கால் வலியோடு இதைத் தினமும் யார் இழுப்பது? எங்கள் கூண்டு முதல் மாதம் தினமும் நகர்ந்தது. பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. கார்த்திகை மழையில் சக்கரம் சேற்றில் புதைந்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. நகராத நகரும் கூண்டைப் போல மோசமான கூடு வேறில்லை. நிலையான கூட்டின் அழுக்கு முழுவதும் அதில் சேரும், ஆனால் நிலையான கூட்டின் உறுதி அதற்குக் கிடையாது.

எடையைக் குறைக்கலாமே என்றால் பாதுகாப்பு குறைகிறது. மெல்லிய அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும்; கீரியையும் மரநாயையும் வெளியே வைத்திருக்காது. அவற்றைத் தடுக்க அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டி வெல்ட்மெஷ் வேண்டும், அது கனக்கும். தோப்புத் தரை சமமாகவும் இருக்காது. கூண்டின் விளிம்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விழுந்தால் கீரிக்கு அதுவே வாசல். கூட்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு வலையைத் தரையில் படியவிட்டால் தோண்டி வருவதைத் தடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அதைப் பிரித்து மறுபடி விரிக்க வேண்டும். அடியிலேயே வலை அடித்துவிட்டால் கோழியால் மண்ணைக் கிளற முடியாது, நகர்த்துவதே வீணாகும். ஒரு மார்கழி இரவில் விளிம்பு இடைவெளியால் நான்கு பெட்டைகளை இழந்தேன். அந்தக் காலையை இன்றும் நினைக்க முடியவில்லை.

வெளிநாட்டுப் படங்களில் வரும் கூடுகளுக்குக் குளிர்தான் முதல் எதிரி. நமக்கு வெயில்தான். கோழிக்கு வியர்க்காது; வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரையில் வெறும் தகரக் கூரைக்கடியில் அடைபட்ட கோழி அப்படியே சுருண்டு விழும். தகரத்தின் மேல் கீற்று வேய்ந்தால் சூடு கணிசமாகத் தணியும். சுவரின் மேல் மூன்றில் ஒரு பங்கை எதிரெதிராக வலையாகவே விட்டு, கூரையை ஒன்றரை அடி வெளியே இறக்க வேண்டும். மழை வந்ததும் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிவிடும் பழக்கம் எனக்கும் இருந்தது. சாரல் நிற்கும், உள்ளே நாற்றமும் நிற்கும், பத்து நாளில் கோழிக்குச் சளி பிடிக்கும். காற்று இன்னொரு கவலை. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவில் தென்னைகளையே பிடுங்கிப் போட்டது. ஆள் இழுக்கக்கூடிய எடையுள்ள எந்தக் கூண்டையும் முளையடித்துக் கட்டாமல் மழைக்காலத்தில் வெளியே விடக் கூடாது.

புல் இல்லாத நிலத்தில் இந்த முறைக்குப் பாதிப் பயன்தான். வைகாசியில் எங்கள் மானாவாரிப் பக்கம் கூண்டை நகர்த்தினால் ஒரு புழுதியிலிருந்து இன்னொரு புழுதிக்குப் போகும், அவ்வளவே. தண்ணீர் பாயும் தோப்பில்தான் அது முழுப் பலன் தருகிறது.

இந்தச் சிக்கல்களுக்கு விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் அப்பத்தா பகலில் குஞ்சுகளோடு தாய்க்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார். நிழல் நகர நகரப் பஞ்சாரத்தையும் ஒரு கையால் தூக்கி நகர்த்துவார். இரவில் எல்லாம் திண்ணைக்கடியில் இருந்த மண்கூட்டுக்குப் போய்விடும், வாயில் பலகை, பலகைக்கு மேல் அம்மிக்குழவி. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. பருந்துக்கும் காக்கைக்கும் இலேசான மறைப்பு போதும். கீரிக்கும் மரநாய்க்கும் கனமான கூடு வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கியதுதான் நான் செய்த பிழை.

இப்போது இரவுக்கூடு வீட்டை ஒட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், நகராமல் நிற்கிறது. எடையைப் பற்றிக் கவலையில்லாததால் கெட்டி வலையும் இரட்டைக் கொண்டியும் போட முடிந்தது. கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. வீதம் உட்காரும் கட்டை. மூங்கிலின் பிளவுகளில் செள்ளு குடியேறும் என்பதால் இழைத்த மரம். பகல் கூண்டு மூங்கில் சட்டமும் நைலான் வலையும்தான். அம்மாவும் நானும் இரு முனையைப் பிடித்தால் எழும்பிவிடுகிறது.

இதிலும் ஒரு குறை தீரவில்லை. பொழுது சாய்ந்ததும் பகல் கூண்டைத் திறந்துவிட்டால் கோழிகள் தாமாகவே இரவுக்கூட்டுக்கு நடந்து போய் ஏறிக்கொள்ளும், ஆனால் கதவைச் சாத்த அந்த நேரத்தில் வீட்டில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். கல்யாணம், காதுகுத்து என்று எல்லோரும் வெளியே போகும் நாளில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம்.