எதனோடு ஒப்பிட்டார்கள்?

ஆர்ட்டிமிசினினுக்கு அடங்காத மலேரியா என்று பேச்செடுத்தாலே, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் யோசனை முன்னால் வந்து நிற்கிறது. அதன் ஆதரவாளர்கள் கையில் இரண்டு எண்கள்: 98, 48. 8 நாடுகளில் 1,100 நோயாளிகளைச் சேர்த்து நடந்து, 2020இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வின் எண்கள் அவை. கம்போடியா, தாய்லாந்து, வியட்நாமில் டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்–பைபராகுவின் என்ற இரட்டை மருந்து 42 நாள் கணக்கில் 48 சதவீதம் பேரைத்தான் குணமாக்கியது. மெஃப்ளோகுவினையும் சேர்த்தபோது 98.

ஆய்வு ஒழுங்காக நடந்தது, முடிவுகளும் மறைக்கப்படவில்லை. காசநோய்க்கும் எச்ஐவிக்கும் கூட்டு மருந்து பலன் தந்ததையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் போட்டி யாரோடு? 2015இல் ஆய்வு தொடங்கும் முன்பே மேற்குக் கம்போடியாவில் பைபராகுவின் தோற்றுக்கொண்டிருந்தது. நொண்டிக் குதிரையோடு ஓட விட்டு, ஜெயித்த குதிரைக்கு மாலை போடுவது என்ன நியாயம்? அதைவிட முக்கியம், அந்த 98இல் பெரும்பங்கு மெஃப்ளோகுவினுடையதாகவே இருக்கலாம். இதைச் சரிபார்க்க உதவும் ஒப்பீடும் அதே ஆய்வில் இருக்கிறது. கம்போடியாவில் ஆர்ட்டிசுனேட்–மெஃப்ளோகுவின் என்ற பழைய இரட்டை மருந்து ஏறக்குறைய எல்லோரையும் குணமாக்கியது. மும்மருந்தும் ஏறக்குறைய அதே அளவில்தான். புள்ளியியல்படி இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாகக் கொள்ள முடியாது. லாவோஸ், மியான்மர், வங்கதேசம், இந்தியா, காங்கோவில் ஆர்ட்டிமெத்தர்–லூமெஃபான்ட்ரினோடு அமோடியாகுவினைச் சேர்த்துப் பார்த்தார்கள். சேர்த்தால் 98, சேர்க்காவிட்டால் 97.

இந்த எண்களை யாரும் மேடையில் சொல்வதில்லை.

நோயாளியின் பக்கமும் உண்டு. ஆர்ட்டிமெத்தர்–லூமெஃபான்ட்ரின் மட்டுமே பெரியவர்களுக்கு வேளைக்கு 4 வீதம் 3 நாளில் 24 மாத்திரை. காய்ச்சலில் குமட்டுகிறவர் அதற்கு மேல் இன்னொன்றையும் விழுங்க வேண்டும். விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தவர்கள் மும்மருந்துப் பிரிவில்தான் அதிகம்.

"இன்றைய குணத்துக்காக அல்ல, நாளைய எதிர்ப்பைத் தள்ளிப்போடவே மூன்றாவது மருந்து" என்று பதில் வருகிறது. பைபராகுவினுக்குத் தப்பும் கிருமி மெஃப்ளோகுவினிடம் சிக்கும் என்ற தர்க்கம் அழகானதுதான். ஆனால் வருடக்கணக்கில் பார்க்க வேண்டியதை 42 நாள் ஆய்வு எப்படி நிரூபிக்கும்? அதற்கு ஆதாரமாக நீட்டப்படும் கணினி மாதிரிகள் தருவது கணிப்பு. அதை மருத்துவச் சான்று என்று விற்கக் கூடாது.

ஆர்ட்டிமிசினினோடு சேரும் துணை மருந்து சோர்ந்தபோது அரசுகள் செய்தது வேறு. கம்போடியா மெஃப்ளோகுவினுக்குத் திரும்பியது. இந்தியா 2013இல் வடகிழக்கு மாநிலங்களில் சல்ஃபாடாக்சின்–பைரிமெத்தமினைக் கைவிட்டு லூமெஃபான்ட்ரினுக்கு மாறியது. இரண்டுமே மாற்றினவே தவிர, மூன்றாவதைக் கூட்டவில்லை.

ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் எதிர்ப்பு தலைகாட்டிவிட்டது. அங்கே மும்மருந்தைப் பரிந்துரைப்பவர்கள், அந்த நாட்டில் இன்னும் நன்றாக வேலை செய்யும் இரட்டை மருந்தோடு அதை ஒப்பிட்டுக் காட்டட்டும். 98க்கு 48 என்பது அதற்கான சான்று அல்ல.