துளைபட்ட தூண்கள்

சார்லஸ் லயல் 1830-இல் வெளியிட்ட 'நிலவியல் கோட்பாடுகள்' நூலின் முகப்பில் மூன்று சலவைக்கல் தூண்களைக் காண்பீர்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே, பொட்சுவோலிக் கடற்கரையில் அவை நிற்கின்றன. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்ததால் வழவழப்பாக உள்ளது. அதற்கு மேலே கடற்சிப்பிகள் குடைந்த துளைகள்! எனவே நிலம் கடலில் அமிழ்ந்து, மீண்டும் உயர்ந்திருக்கிறது, தூண்களோ விழவில்லை. லயலின் இவ்வாதம் இன்றும் செல்லும்.

ஆயினும் குறைகள் உண்டு. அக்காலத்தாரைப் போல் அவரும் 'கோயில்' என்றது உண்மையில் ரோமானியர் சந்தை. மேலும், சாயாத தூண்களைப் பார்த்து நில அசைவு சாதுவானது என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும். 1982–84-இல் அந்நிலம் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. நிலநடுக்கங்களால் கட்டடங்கள் விரிசல் விட, சுமார் 40,000 பேர் வீடிழந்து வெளியேறினர். படத்தில் இல்லாத அவர்களையும் எண்ணிப் படியுங்கள்.