வானத்திலிருந்து கிணற்றை அளக்கலாமா?

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அறிய நம் ஊர்களில் ஒரு வழி உண்டு. கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விடுவார்கள். வெளியே எடுத்து, நனைந்த கயிற்றை முழம் போட்டுப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். இதே வேலையைத் தரையிலிருந்து 500 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

செய்திருக்கிறார்கள். 2009 ஆகஸ்டில் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் மாத்யூ ரோடெல், இசபெல்லா வெலிகோனா, ஜேம்ஸ் ஃபாமிக்லியெட்டி ஆகிய மூவர். ராஜஸ்தான், பஞ்சாப், தில்லி உட்பட்ட ஹரியானா ஆகிய பகுதிகளில் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் 17.7 கன கிலோமீட்டர் வீதம் குறைந்துவருகிறது என்றும், 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை மொத்தம் 109 கன கிலோமீட்டர் நீர் போய்விட்டது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். 109 கன கிலோமீட்டர் என்றால் எவ்வளவு? நமது மேட்டூர் அணையை விளிம்பு வரை 41 முறை நிரப்பலாம்!

அன்று முதல் இந்த எண் ஓயவில்லை. பத்திரிகைகளிலும் மேடைகளிலும் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. கட்டுரையைப் படித்தவர்களைவிட எண்ணை மேற்கோள் காட்டியவர்களே மிகுதி. எனவே அந்த ஆராய்ச்சி எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அளந்த முறை. 2002 மார்ச்சில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து 'கிரேஸ்' என்ற பெயரில் இரண்டு செயற்கைக் கோள்களை ஏவின. ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே பாதையில் அவை பூமியைச் சுற்றின. பூனை எலியைத் துரத்துவது போன்ற இந்த ஓட்டத்தைக் கண்டு விஞ்ஞானிகள் அவற்றுக்கு 'டாம்', 'ஜெர்ரி' என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். முன்னே செல்லும் கோள், பொருள்நிறை அதிகமுள்ள ஒரு பகுதியை நெருங்கும்போது ஈர்ப்பு விசை அதைச் சற்று வேகமாக இழுக்கும். இரண்டு கோள்களுக்கும் இடையிலுள்ள தூரம் கொஞ்சம் கூடும். பின்னால் வரும் கோளும் அதே இடத்தை நெருங்கும்போது அந்த தூரம் குறையும். இந்த மாறுதல் தலைமயிரின் பருமனைவிடச் சிறியது. அதையும் அளக்கும் கருவி அவற்றில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஒரு பகுதியின் நிறை எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதை இப்படிக் கண்டார்கள். மலை மாதத்துக்கு மாதம் மாறாது. மாறுவது பெரும்பாலும் நீர்தான். அந்தக் கோள்களின் பணி 2017-இல் முடிந்தது. அதைத் தொடர 2018 மே மாதம் வேறொரு ஜோடி ஏவப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். செயற்கைக் கோள் நிலத்தடி நீரைப் பார்க்கவில்லை. அது அறிவது மொத்த நீரின் மாறுதல் மட்டுமே. ஏரி நீர், ஆற்று நீர், பனி, மண்ணின் ஈரம், நிலத்தடி நீர் எல்லாம் சேர்ந்த ஒரே தொகை அது. அந்தத் தொகையிலிருந்து மற்றவற்றைக் கழித்தால் எஞ்சுவது நிலத்தடி நீர். மண்ணின் ஈரத்தை யாரும் மூன்று மாநிலங்களிலும் வயல் வயலாகச் சென்று அளக்கவில்லை. கம்ப்யூட்டர் கணிப்பிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கழிக்கப்படும் எண்ணில் பிழை இருந்தால், எஞ்சும் எண்ணிலும் அந்தப் பிழை அப்படியே வந்து உட்காரும். அதனால்தான் 17.7 என்பதற்குப் பக்கத்தில் 4.5 கூடலாம், குறையலாம் என்று ஆசிரியர்கள் நேர்மையாகக் குறிப்பிட்டார்கள். மேடைப் பேச்சில் முதலில் காணாமற் போனது அந்த 4.5 தான்.

ஆராய்ச்சியின் பெருமையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஒரு நாட்டின் நிலத்தடி நீர்க் கணக்கு, அந்நாட்டு அலுவலகங்கள் என்ன வெளியிடுகின்றனவோ அதோடு நின்றுவிடுவது அதுவரை வழக்கம். கிணற்றுக் கணக்கே இல்லாத நாடுகள் உண்டு. இருந்தும் காட்டாத நாடுகளும் உண்டு. கிரேஸ் கோள்களுக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. வடமேற்கு இந்தியாவில் மழையில் பெரிய குறைவு இல்லாத ஆண்டுகளிலும் நீர் குறைந்துகொண்டே போனது என்பதையும், பாசனத்துக்காக இறைப்பதே காரணமாக இருக்க வேண்டும் என்பதையும் அக்கட்டுரை உலகம் கேட்கும்படி சொல்லிவிட்டது. அது சிறிய காரியமன்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், நாமே ஒரு கணக்குப் போடுவோம்.

ராஜஸ்தானின் பரப்பு 3,42,239 சதுர கிலோமீட்டர். பஞ்சாப் 50,362. ஹரியானா 44,212. தில்லி 1,483. கூட்டினால் ஏறத்தாழ 4,38,000 சதுர கிலோமீட்டர். 17.7 கன கிலோமீட்டர் நீரை இந்தப் பரப்பு முழுவதும் சமமாகப் பரப்பினால் 4 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். கட்டுரை சொல்வதும் இதையே. ஆனால் நிலத்தடியில் நீர் தொட்டியில் நிற்பதுபோல் நிற்பதில்லை. மண் துகள்களின் இடுக்குகளில் நிற்கிறது. அந்த வண்டல் மண்ணில் நூற்றில் 12 பங்கு இடத்திலிருந்து நீர் வடியும் என்று ஆசிரியர்கள் வைத்துக்கொண்டார்கள். 4 செ.மீ. நீர் வெளியேறினால் கிணற்றில் மட்டம் 33 செ.மீ. இறங்கும். ஆண்டுக்கு ஓரடி.

இப்பொழுது அதே எண்ணை வேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். மொத்தப் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் ராஜஸ்தான். அதில் பாதிக்கு மேற்பட்டது பாலைவனமும் வறண்ட மேய்ச்சல் நிலமும்தான். நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளைந்து, ஆழ்குழாய்க் கிணறுகள் இரவு பகலாக ஓடுவது பஞ்சாபிலும் ஹரியானாவிலும். இழப்பு முழுவதும் இந்த இரண்டு மாநிலங்களில் மட்டும் நிகழ்ந்ததாக வைத்துக்கொண்டால், நீரின் உயரம் 4 செ.மீ. அன்று, 18 செ.மீ.க்கு மேல். கிணற்று மட்டம் இறங்குவது ஓரடி அன்று; ஒன்றரை மீட்டர்! எண் ஒன்றுதான். விவசாயியின் கிணற்றுக்கு அது சொல்லும் செய்தி ஐந்து மடங்கு வேறுபடுகிறது. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பதை வானத்திலிருந்து சொல்ல முடியாது. ஏனென்றால் கிரேஸ் கோள்களின் பார்வை ஏறத்தாழ 2,00,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்த பரப்பில் மங்கிவிடும். பஞ்சாபையும் ஹரியானாவையும் சேர்த்தாலும் அதில் பாதிகூட இல்லை.

சரி, பஞ்சாபை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் தெளிவாகிவிடுமா? அதுவும் இல்லை. மாநிலத்தின் நடுப்பகுதியில் நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டிருந்தது. விவசாயிகள் பழைய பம்புகளைக் கழற்றிவிட்டு, நீர்மூழ்கி மோட்டாருக்காகக் கடன் வாங்கினார்கள். அதே காலத்தில் தென்மேற்கே முக்த்சர் பகுதியில் நீர்மட்டம் மேலே ஏறி வயல்களில் தேங்கியது. கால்வாய்க் கசிவு ஒரு காரணம். அங்கே நிலத்தடி நீர் உவர்ப்பாக இருந்ததால் யாரும் இறைக்க விரும்பாதது மற்றொரு காரணம். ஓர் ஊரில் இறைப்பதைக் குறைக்க வேண்டும். சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊரில் வடிகால் வெட்டி நீரை வெளியேற்ற வேண்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எந்த ஊருக்கும் பொருந்தாத மருந்துதான் கிடைக்கும்.

இனி, அந்த 109 கன கிலோமீட்டர். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் தோன்றும் கேள்வி, மீதி எவ்வளவு என்பது. செலவுக் கணக்கு மட்டும் தெரிந்து, பெட்டியில் இருப்பு தெரியாதவன் பணக்காரனா, கடனாளியா என்று எப்படிச் சொல்வது? கிரேஸ் செலவைத்தான் சொல்லும், இருப்பைச் சொல்லாது. இதை அந்தத் துறையினரே ஒப்புக்கொண்டார்கள். 2015-இல் உலகின் மிகப் பெரிய 37 நிலத்தடி நீர்த்தாங்கிகளில் 21-இல் நீர் குறைந்துவருவதாக இதே கோள்களின் உதவியால் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதனுடன் சேர்ந்து வந்த இன்னொரு கட்டுரை, அவற்றில் உள்ள மொத்த நீர் எவ்வளவு என்பதற்கு நம்பத்தக்க கணக்கே இல்லை என்றது. முதல் கட்டுரை உலகமெங்கும் பேசப்பட்டது. இரண்டாவதைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

2016-இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மக்டொனால்டும் அவருடன் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் தரையிலிருந்து இதை அணுகினார்கள். சிந்து கங்கைச் சமவெளி முழுவதிலும் கிணறுகளில் எடுத்த அளவுகளைத் திரட்டினார்கள். 2000 முதல் 2012 வரை இச்சமவெளியின் 70 சதவீதப் பரப்பில் நீர்மட்டம் மாறாமல் இருந்தது அல்லது உயர்ந்தது என்று கண்டார்கள். எஞ்சிய 30 சதவீதத்தில் மட்டம் இறங்கியது. நிகர இழப்பு ஆண்டுக்கு 8 கன கிலோமீட்டர். இதிலும் 3 கூடலாம், குறையலாம். பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம் வரை விரிந்த பரப்புக்கு இவ்வளவுதான். ஆயினும் இதைக் கண்டு 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் அளந்த பரப்பு வேறு; ஆண்டுகள் வேறு; முறை வேறு. கசியும் கால்வாய்களின் ஓரத்தில் ஏறிய நீர், இறைத்த இடத்தில் இறங்கிய நீரைக் கணக்கில் ஓரளவு ஈடுசெய்துவிடுகிறது.

இக்கட்டுரையில் இன்னும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சமவெளியின் ஏறத்தாழ 60 சதவீதப் பரப்பில் நிலத்தடி நீரைக் குடிக்கத் தடையாக இருப்பது உப்பும் ஆர்செனிக் நஞ்சும். நீர் குறைவது அன்று. ஈர்ப்பு விசைக்கு நல்ல நீரும் ஒன்றுதான், நஞ்சு நீரும் ஒன்றுதான். இரண்டும் ஒரே எடை. ஆர்செனிக் கலந்த நீரைக் குடிக்கும் குடும்பம் எந்தச் செயற்கைக் கோளின் வரைபடத்திலும் தென்படாது.

இனி நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058 சதுர கிலோமீட்டர். கிரேஸ் தெளிவாகப் பார்க்கக்கூடிய பரப்பைவிட இது சிறியது. அப்படியிருக்க, ஒரு மாவட்டத்துக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று அக்கோள்களின் பெயரால் யாராவது எண் சொன்னால், அது எப்படி வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மேலும் இங்கே ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கடும்பாறை. பஞ்சாபின் வண்டல் மண் போல நூற்றுக்கு 12 பங்கு நீரை அது தராது. மேலே சிதைந்த பாறைப் பகுதியில் ஒன்று முதல் மூன்று பங்குதான். அங்கே 33 செ.மீ. இறங்கச் செய்த அதே 4 செ.மீ. நீர், இரண்டு பங்கு தரும் நம் பாறைக் கிணற்றில் மட்டத்தை 2 மீட்டர் இறக்கிவிடும். நல்ல மழை பெய்தால் அதே வேகத்தில் ஏற்றியும் விடும். ஆதலால் நமக்கு வேண்டியது கிணற்றளவு. வானத்தளவு அன்று என்று சொல்லி முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

முடிக்க முடியாது. கிணறும் பொய் சொல்லும்!

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் உள்ள கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை மட்டம் பார்க்கிறது. இக்கணக்கையும் கிரேஸ் கணக்கையும் வைத்து, தென்னிந்தியாவில் நிலத்தடி நீர் உயர்ந்துவருகிறது என்று 2017-இல் சில ஆய்வுகள் வெளிவந்தன. படித்தவர்களுக்கு மகிழ்ச்சி, வறண்ட ஆழ்குழாய்க் கிணற்றின் அருகில் நின்றவர்களுக்கு வியப்பு. 2019-இல் ஹோரா, வீணா ஸ்ரீனிவாசன், நந்திதா பாசு ஆகிய மூவர் இந்த முரண்பாட்டைத் துருவிப் பார்த்தார்கள். விடை எளிமையானது. ஆய்வுக்குத் தொடர்ச்சியான கணக்கு உள்ள கிணறுகளையே தேர்ந்தெடுப்பது வழக்கம். இடையில் விடுபட்ட கிணறுகளை ஒதுக்கிவிடுவார்கள். கணக்கு ஏன் விடுபட்டது? பெரும்பாலும் கிணறு வற்றிவிட்டதால்! வற்றிய கிணற்றில் மட்டம் ஏது? ஆக, பிழைத்த கிணறுகள் மட்டும் கூடிச் சாட்சி சொல்லியிருக்கின்றன. ஓடி முடித்தவர்களின் நேரத்தை மட்டும் சராசரி எடுத்து, பந்தயத்தில் விழுந்தவர்களை மறந்ததுபோல.

இன்னொன்றும் உண்டு. கண்காணிப்புக் கிணறுகளில் பல, மேற்பகுதி நீரைக் காட்டும் திறந்த வெளிக் கிணறுகள். விவசாயி இறைப்பதோ பாறைப் பிளவுகளில், பல நூறு அடி ஆழத்தில். ஒரு மழைக்காலத்தில் வெளிக் கிணறு நிரம்பும். கணக்கேட்டில் ஏற்றம் பதிவாகும். கீழே இருக்கும் பிளவு காலியாகவே கிடக்கலாம்.

நீங்கள் கல்லூரியில் புவியியலோ பொறியியலோ படிப்பவராக இருந்தால், உங்கள் வட்டாரத்தின் கண்காணிப்புக் கிணறுகளுடைய பழைய அளவுகளைத் தேடிப் பாருங்கள். எண்கள் எழுதப்பட்ட கட்டங்களோடு, ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கும் கட்டங்களையும் எண்ணுங்கள். எந்த ஆண்டில், எந்த மாதத்தில் அவை காலியாயின என்று குறித்துக்கொண்டு, அந்தக் கிணறு இருந்த இடத்துக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள்.