'விடுவித்தல்' என்றொரு சொல்: லோயிஸ் லோரியின் 'தி கிவர்'



இளையோருக்கான இருண்ட எதிர்கால நாவல்களில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டால், 'தி கிவர்' என்றுதான் சொல்வேன். லோயிஸ் லோரி எழுதி 1993-இல் வந்த அமெரிக்க நாவல். மறு ஆண்டே நியூபெரி பதக்கம் பெற்றது. 23 சிறிய அத்தியாயங்கள், எளிய ஆங்கிலம். தமிழ் வகுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? இது சொற்களைப் பற்றிய நாவல்.

ஜோனஸ் வாழும் ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை. 12 வயதில் யாருக்கு என்ன வேலை என்பதை மூத்தோர் குழுவே முடிவு செய்துவிடும். ஜோனஸுக்குக் கிடைப்பது விநோதமான வேலை. ஊரார் எல்லாருக்கும் பதிலாக, பழைய உலகின் நினைவுகளை ஒரு முதியவரிடமிருந்து வாங்கிச் சுமக்க வேண்டும். பனிச்சறுக்கு வண்டி முதல் போர்க்களம் வரை ஒவ்வொன்றாக வரும். கதைச் சுருக்கம் இவ்வளவு போதும்.

அந்த ஊரில் முதியவர்களை 'விடுவிக்கிறார்கள்'. திரும்பத் திரும்ப விதி மீறியவரை 'விடுவிக்கிறார்கள்'. எடை ஏறாத குழந்தையையும் 'விடுவிக்கிறார்கள்'. ஜோனஸைப் போலவே நாமும், எங்கோ அனுப்பிவைக்கிறார்கள் போல என்று நம்பிப் படித்துக்கொண்டே போகிறோம். பிறகு ஒரு காட்சி. குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர் ஜோனஸின் அப்பா. பிறந்த இரட்டையரில் எடை குறைந்ததை அவர் எப்படி 'விடுவிக்கிறார்' என்பதைப் பதிவுத்திரையில் மகன் பார்க்கிறான். நெற்றி நரம்பில் ஓர் ஊசி. குழந்தை அசைவற்றுப் போகிறது. அப்பா அதைப் பெட்டியில் வைத்து, கழிவு போகும் குழாய்க்குள் தள்ளி, கொஞ்சும் குரலில் டாட்டா சொல்கிறார்.

இப்போது நன்னூலைக் கொஞ்சம் எடுங்கள். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். அப்படிச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உண்மை தெரியும்; துக்க வீட்டில் மனம் நோகக்கூடாதே என்று சொல்லை மாற்றுகிறோம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. வெளியாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படிச் சொல்கிறார்கள். 'விடுவித்தல்' பார்வைக்கு மங்கலம். வேலை செய்வதோ குழூஉக்குறியாக. உள்ளே இருக்கும் சிலருக்குத்தான் பொருள் தெரியும், ஊருக்குத் தெரியாது. இந்த ஒரு வேறுபாட்டை விளக்கினாலே உங்கள் விடை மற்றவர் விடையிலிருந்து தனித்து நிற்கும்.

பாத்திரப் படைப்பு எழுதும்போது, "அப்பா கொடியவர்" என்று முடித்துவிடாதீங்க. அவர் அன்பானவர், இரவில் தூங்காத குழந்தையை வீட்டுக்குத் தூக்கிவந்து வளர்க்கிறார். கொலை என்ற சொல்லே அவர் வாயில் இல்லை. சொல் இல்லாததால் குற்ற உணர்ச்சியும் இல்லை. எனக்கு இந்த நாவலில் மிகவும் பயம் தந்தவர் இந்த நல்ல மனிதர்தான்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு பகுதி உறைக்கும். ஜோனஸின் நண்பன் ஆஷர் மூன்று வயதில் 'ஸ்நேக்' கேட்க நினைத்து 'ஸ்மேக்' என்று சொல்லிவிடுகிறான். தின்பண்டம் கேட்க வேண்டியவன் அடியைக் கேட்டுவிட்டான். ஒவ்வொரு தடவையும் பிரம்படியே கிடைக்கிறது. சில காலம் குழந்தை பேச்சையே நிறுத்திவிடுகிறது. பின்னாளில் இதை மேடையில் சொல்லும்போது சபையே சிரிக்கிறது, ஆஷரும் புன்னகைக்கிறான். சொல்லைத் துல்லியமாகப் பயன்படுத்து என்று பிள்ளைகளை அடித்துத் திருத்தும் அதே ஊர்தான் ஊசி போடுவதை 'விடுவித்தல்' என்கிறது. சிவப்பு மை பிடிக்கும் நம் கை இங்கே கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

குறைகளும் உண்டு. அறிவியல் மெலிந்தது. முதுகில் கை வைத்தால் நினைவு எப்படி மாறும், ஊரார் கண்ணிலிருந்து நிறம் எப்படிப் போனது என்பதற்கெல்லாம் விளக்கமே இல்லை. ஆனால் நிறம் இல்லை என்பதையே ஏறத்தாழப் பாதிக் கதை வரை மறைத்திருக்கும் சாமர்த்தியத்துக்காக அதை மன்னிக்கலாம். 2014-இல் வந்த படம் தொடக்கத்திலேயே கறுப்பு வெள்ளையில் காட்டி அந்த இரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டது. அதனால் படத்தை முதலில் காட்டாதீர்கள்.

முடிவு திறந்தே இருக்கிறது. ஜோனஸ் பிழைத்தானா, பனியில் உறைந்துபோகும் நேரத்தில் கனவு கண்டானா? பின்னர் வந்த தொடர் நூல்களில் விடை இருக்கிறது. மாணவர்கள் கடைசி அத்தியாயத்தின் சொற்களை மட்டும் சான்றாக வைத்து ஒரு பக்கம் எழுதி முடிக்கும்வரை அதைச் சொல்லிவிடாதீர்கள்.