படத்தில் உள்ளோரும் பார்ப்போரும்
மதுரை ஆவணப்பட விழா குறித்து ஒரு மதிப்பீடு

ஒரு திரைப்பட விழா எப்போது ஓர் ஊரின் விழாவாகிறது? அவ்வூரில் நடைபெறுவதாலா? அவ்வூரார் எடுத்த படங்கள் திரையிடப்படுவதாலா? மதுரையில் 'மறுபக்கம்' என்னும் அமைப்பு 1998இல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழா இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. அயல்நாட்டுப் படங்களுக்கும் இவ்விழாவில் இடமுண்டு. ஆயினும் அதன் உயிர்நாடி, தமிழகத்தில் குறைந்த செலவில், திரையரங்குகளை நம்பாமல் எடுக்கப்பட்ட படங்களேயாகும். படம் முடிந்ததும் எடுத்தவரோடு பார்த்தவர் வாதிடும் வழக்கம் அவ்விழாவிற்குத் தனிச்சிறப்பைத் தந்துள்ளது. அதன் நிறைகளைப் பாராட்டுவதோடு நில்லாமல், அது எழுப்பும் கேள்வியை அதன்மீதும் நம்மீதும் திருப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரை திரைக்குப் புதியதன்று. 'பருத்திவீரன்' (2007), 'சுப்பிரமணியபுரம்' (2008) போன்ற படங்களுக்குப் பின், மதுரை என்றவுடன் அரிவாளையும் குருதியையும் நினைக்கும் பழக்கமே ஏற்பட்டுவிட்டது. அவற்றின் கலைத்திறனை மறுப்பதற்கில்லை. அவை மதுரை வட்டாரத்தின் தெருக்களைக் காட்டுபவை; மதுரைத் தமிழைப் பேசுபவை. எனினும், அதே தெருக்களை விடியற்காலையில் துப்புரவு செய்பவர் யார் என்பது அப்படங்களின் அக்கறை அன்று. மண்ணின் மணம் ஒன்றே ஒரு படத்தை அம்மண்ணுக்கு உரியதாக்கிவிடாது என்பதை இதனால் அறிகிறோம்.

மறுபக்கம் அமைப்பின் நிறுவனர் அமுதன் எடுத்த 'பீ' (2003) என்னும் படம் இவ்விடைவெளியில்தான் பிறந்தது. மதுரைக் கோயில் ஒன்றின் அருகிலுள்ள தெருவில் மனிதக் கழிவை அள்ளும் மாரியம்மாள் என்னும் மாநகராட்சித் தொழிலாளியின் வேலையை ஏறத்தாழ 25 நிமிடங்கள் இப்படம் தொடர்கிறது. அவர் அள்ளுகிறார், காமிரா உடன் நடக்கிறது, அவர் பேசிக்கொண்டே வேலை செய்கிறார். இவ்வளவே படம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிராக நடுவண் அரசு சட்டம் இயற்றியது 1993இல். பத்தாண்டுகள் கழிந்தபின் இப்படம் வந்தது. அதற்கும் பத்தாண்டுகள் பின்னர், 2013இல், மற்றொரு சட்டம் தேவைப்பட்டது. இவ்வாண்டுகளை வரிசையாக எண்ணிப் பார்ப்பவருக்கு இப்படத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

இப்படத்திற்கு எதிராக இரு வாதங்களைக் கூறலாம். முதலாவது, இதில் கலை இல்லை என்பது. இரண்டாவது, இழிவைக் காட்டுவது இழிவுக்குள்ளானவரை மீண்டும் இழிவுபடுத்துகிறது என்பது. முதல் வாதத்திற்கு விடை எளிது. கண்ணைத் திருப்பிக்கொள்ள இடந்தராத பொறுமையும் ஒரு கலையே. இரண்டாவது வாதத்தை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. அதனை நிறுத்துப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோலைத் திரைப்படக் கல்லூரிகளில் தேட வேண்டியதில்லை. இன்று தெலங்கானாவில் உள்ள பஸ்தாப்பூரில், தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் உழவுப் பெண்கள் காமிராவைக் கையாளப் பயின்று, தங்கள் விதைகளையும் வயல்களையும் குறித்துத் தாங்களே படமெடுத்தனர். அவர்கள் காமிராவின் கோணங்களுக்குத் தங்கள் வாழ்விலிருந்தே பெயர் சூட்டினர். மேலிருந்து கீழ்நோக்குவது நிலக்கிழாரின் பார்வை. ஆகவே அது 'பட்டேல்' கோணம். கீழிருந்து அண்ணாந்து நோக்குவது அடிமையின் கோணம். கண்ணுக்கு நேராக நோக்குவது 'சங்கம்' கோணம். ஏனெனில் சங்கத்தில் அனைவரும் தரையில் சமமாக அமர்கின்றனர். நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை இப்பெண்கள் மூன்று சொற்களில் கூறிவிட்டனர்.

இவ்வளவுகோலால் நோக்கின், 'பீ' பட்டேல் கோணத்திலிருந்து விலகி நிற்கிறது. அது மாரியம்மாளுக்காக அழவில்லை, அவருடன் நடக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. படம் முடிந்ததும் காமிராவைச் சுமந்தவர் அத்தெருவை விட்டுச் செல்லலாம். துடைப்பத்தைச் சுமந்தவர் மறுநாளும் அங்கு வரவேண்டும். இக்குறை இயக்குநர் ஒருவருடையதன்று. ஆவணப்படம் என்னும் வடிவத்திலேயே உள்ளது. இதனைப் படம் தனியே தீர்க்க இயலாது. படத்தை யாருக்கு, எங்கே, எவ்வாறு காட்டுகிறோம் என்பதால் மட்டுமே அதற்கு ஓரளவு ஈடுசெய்யலாம். விழாவின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு முன்மாதிரி உண்டு. 1967இல் கனடாவின் தேசியத் திரைப்படக் கழகத்தைச் சேர்ந்த காலின் லோ, நியூபவுண்ட்லாந்தை அடுத்த ஃபோகோ தீவு மீனவரிடையே இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களை எடுத்தார். மீன்பிடித் தொழில் நலிந்ததால் தீவினரை வேறிடங்களுக்கு அகற்றும் எண்ணம் அன்று நிலவியது. படங்கள் முதலில் தீவினருக்கே காட்டப்பட்டன. வேண்டாதவற்றை நீக்கும் உரிமை படத்தில் தோன்றியவருக்கு அளிக்கப்பட்டது. அதன் பின்னரே அவை அரசினரிடம் சென்றன. சிதறிக் கிடந்த ஊர்கள் ஒன்றன் குரலை மற்றொன்று திரையில் கேட்டன, மீனவர் கூட்டுறவு அமைப்பொன்று உருவாயிற்று, தீவு காலியாகவில்லை. படங்கள் மட்டுமே இதைச் செய்தன என்பது மிகைக்கூற்றாகும். ஆனால் காட்டும் வரிசையை மாற்றியதால் பேசும் வரிசையும் மாறியது என்பது தெளிவு.

இவ்வளவுகோல் திருச்சபையையும் விட்டுவைக்காது. அமுதனின் 'செருப்பு' (2006) திருச்சிராப்பள்ளியில் காலணி செய்து வாழும் அருந்ததியக் கிறித்தவரைப் பற்றியது. பட்டியல் சாதிகள் குறித்த 1950ஆம் ஆண்டின் ஆணை இந்துக்களுக்கு மட்டும் உரியதாயிருந்து, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. கிறித்தவரை அது சேர்க்கவில்லை. இவ்வநீதியைக் குறித்து நாம் தீர்மானங்கள் பல நிறைவேற்றியுள்ளோம். ஆனால் நம் ஆலயங்களுக்குள்ளும் கல்லறைத் தோட்டங்களுக்குள்ளும் நிலவும் சாதியைக் குறித்து அதே குரலில் பேசுவதில்லை. இத்தகைய படத்தைக் கருத்தரங்கில் பார்த்துப் பாராட்டுவது எளிது. சேகரக் கூடத்தில், சபை மூப்பர்களும் காலணி தைப்போரும் ஒரே தரையில் அமர்ந்து பார்ப்பது எளிதன்று. அவ்வாறு பார்க்கும்வரை நாமும் பட்டேல் கோணத்திலேயே அமர்ந்திருக்கிறோம்.

மதுரையைத் தாண்டி, திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் அருகே மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்பை எண்ணிப் பார்ப்போம். அங்குள்ள காடு 1988இல் சாம்பல் நிற மலை அணிலின் சரணாலயமாயிற்று. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அணிலுக்கும் புலிக்கும் எல்லைகள் வரையப்பட்டன. அதே அடிவாரத்தில் பளியர் குடியிருப்பும் உள்ளது. அத்தகைய ஊருக்குக் காமிராவுடன் செல்வோர் தேனெடுப்பதையும் கிழங்கு அகழ்வதையும் படமெடுத்துத் திரும்புவது எளிது. எடுத்ததை மீண்டும் கொண்டுவந்து, அக்குடியிருப்பின் முற்றத்தில் திரை கட்டி, "நாங்கள் உங்களைச் சரியாகக் கண்டோமா?" என்று கேட்பதே அரிது. வனச்சட்டமும் வாழ்வுரிமையும் பற்றிய அவர்களுடைய மறுமொழி நமக்கு உவப்பாயிராது போகலாம். படத்தை மாற்றவும் நேரிடலாம். அம்மறுமொழிக்கு இடமளிக்கும் நாளில்தான் அது அவர்களுடைய விழா.

மதுரை விழா இத்துணை ஆண்டுகளாக ஒரு பெரும்பணியை ஆற்றியுள்ளது. திரையரங்குகள் ஏற்காத படங்களுக்கு அவை தந்தது, பார்ப்பவரைப் பேசுபவராக்கியது. அது இன்னும் வளரவேண்டிய திசை ஒன்றே. திரையிடல் முடிந்ததும் முதற்சொல் இயக்குநருடையதாக அன்றி, படத்தில் தோன்றியவருடையதாக வேண்டும். அவர் வர இயலாவிடின் திரை அவரிடம் செல்லவேண்டும். இதில் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் ஏற்கக்கூடிய பங்கு சிறிதன்று. கூடங்களின் திறவுகோல்கள் நம் கைகளில் உள்ளன. அவற்றைத் திறந்துவிடுவதோடு, அங்கு நாம் முதலில் பேசாதிருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.